படிக்காமல் விட்ட ஒரு வரி

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அரசாங்க கிளினிக்குக்குப் போனால் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். டாக்டரைப் பார்ப்பதற்கும் மருந்துக்கும் சேர்த்தே அந்த ஒரு வெள்ளிதான். ஐ.சி. என்ற அடையாள அட்டையைக் காட்டி நம்பர் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். அதற்கும் முன்னால், என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில், தோட்டத்திலேயே டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். காய்ச்சல் என்றாலும் பூச்சிக்கடி என்றாலும் அவர்தான். அந்த வழியில் வந்த குடும்பம் எங்களுடையது. உடம்பு சரியில்லை என்றால் போக வேண்டும், அவ்வளவுதான். போனால் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிக் கணக்குப் போடும் பழக்கம் எங்கள் யாருக்கும் கிடையாது. நானும் அப்படியேதான் 2018-இல் மெல்பனுக்குப் படிக்கப் போனேன்.

உணவு அறிவியலில் இரண்டு வருட முதுகலை. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுபவர். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கில் இருந்ததைப் பிள்ளையின் படிப்புக்கென்று எடுத்தார். அம்மா கூட்டு, அதாவது சீட்டு, கட்டியிருந்தார். கல்லூரிக் கட்டணம், விசா, விமான டிக்கெட் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தோம். அந்தப் பட்டியலில் ஓ.எஸ்.எச்.சி. என்றும் ஒரு வரி இருந்தது. ஓவர்சீஸ் ஸ்டூடண்ட் ஹெல்த் கவர் என்பதன் சுருக்கம். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் இருப்பவர்கள், அங்கே தங்கும் காலம் முழுவதற்கும் இந்த மருத்துவக் காப்புறுதியை வைத்திருக்க வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை. இரண்டு வருடத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல். அன்றைக்கு ஒரு டாலர் ஏறத்தாழ மூன்று வெள்ளி. ஏஜென்ட்டே வாங்கிக் கொடுத்தார். எந்த நிறுவனத்தில் வாங்குவது என்று மாணவரே தேர்ந்தெடுக்கலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. கூடவே ஒரு கோப்பு மின்னஞ்சலில் வந்தது. நிறைய பக்கங்கள். உறுப்பினர் எண்ணை மட்டும் கைப்பேசியில் சேமித்துவிட்டு மூடிவிட்டேன்.

அதைத் திறந்து படித்திருந்தால் நான் எழுதப்போவதில் பாதி நடந்திருக்காது.

எனக்குச் சின்ன வயதில் இழுப்பு உண்டு. மகாத்மா காந்தி கலாசாலையில் படித்த காலத்தில் மழை பிடித்துவிட்டால் இரவில் மூச்சு விசிலடிக்கும். அம்மா கோடாலித் தைலத்தை நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்துவிட்டு, விடியும்வரை நிமிர்த்தி உட்கார வைத்திருப்பார். அதற்கும் அடங்கவில்லை என்றால் அப்பாவின் மோட்டாரில் ஆஸ்பத்திரிக்குப் போய் கேஸ் எடுப்போம். முகமூடி வழியாகப் புகை மாதிரி வரும் மருந்து அது. பதினொரு வயதோடு அது நின்றுபோனது. அப்புறம் நான் அதை மறந்தே போனேன். வீட்டிலும் யாரும் பேசவில்லை.

மெல்பனில் செப்டம்பரில் வசந்தம் தொடங்குகிறது. அக்டோபரில் எனக்குக் கண் அரிப்பு, அடுக்குத் தும்மல். நம் ஊரில் பூ பூக்காத மாதமே இல்லை என்பதால் மகரந்தம் ஒரு மனிதனைப் படுக்கையில் தள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை. அங்கே ரைகிராஸ் என்ற புல் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மகரந்தத்தைக் காற்றில் கொட்டுகிறது. அதோடு இடிமழையும் சேர்ந்தால், ஈரத்தில் அந்த மகரந்தம் வெடித்துப் பொடிப்பொடியாகி நுரையீரலின் அடிவரை போய்விடும். 2016 நவம்பர் 21 மாலை மெல்பனில் இப்படித்தான் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் மூச்சு முட்டியது. பத்துப் பேர் இறந்தார்கள். அதுவரை ஆஸ்துமாவே வராதவர்கள், வெறும் தும்மல் மட்டும் இருந்தவர்கள் பலர் அதில் மாட்டிக்கொண்டார்கள். தெற்காசிய, தென்கிழக்காசிய வம்சாவளியினர் அதிகமாகவே பாதிக்கப்பட்டார்கள். அங்கே போகும் நம் பிள்ளைகள் விமானம் ஏறுமுன்பே இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் உண்மையிலேயே விரும்புகிறேன். நான் போனபோது எனக்கு யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில் இரவு இருமல் தொடங்கியது. வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். பத்து நிமிடம் பார்த்தார்கள், 75 டாலர். காப்புறுதியிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது 37 டாலர் சொச்சம். மீதி என் கைக்காசு. ஆஸ்திரேலிய அரசு ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. சாதாரண டாக்டரிடம் போனால் அந்தப் பட்டியல் விலையை மட்டுமே ஓ.எஸ்.எச்.சி. முழுதாகக் கொடுக்கும். டாக்டர் அதற்கு மேல் வாங்கினால் மிச்சத்தை நாம்தான் கட்ட வேண்டும். ஆனால் என் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்த கிளினிக்கில் அட்டையைக் காட்டினால் அவர்களே காப்புறுதி நிறுவனத்திடம் நேரடியாக வசூலித்துக்கொள்கிறார்கள், நாம் காசே கொடுக்க வேண்டியதில்லை. இதை எனக்கு ஆறு வாரம் கழித்துத்தான் ஒரு தோழி சொன்னாள். அந்த 75 டாலர் என் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு. அடுத்த முறை டாக்டரிடம் போகத் தோன்றியபோதெல்லாம் அதுதான் முன்னால் வந்து நின்றது.

ஆனால் என்னை நிறுத்தியது காசு மட்டும் இல்லை. அந்த டாக்டர் என்னிடம், “உங்களுக்கு ஆஸ்துமா இருந்திருக்கிறதா?” என்று கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன்.

இந்த ஒரு வார்த்தைக்காக நான் பல நாள் வருந்தியிருக்கிறேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் சீனியர் மாணவர் ஒருவர், “ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பன்னிரண்டு மாசம் ஒன்னும் கொடுக்க மாட்டாங்க, பார்த்து இரு” என்று சொல்லியிருந்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதில் பாதி உண்மையும் இருந்தது. சின்ன வயது இழுப்பைப் பற்றி வாயைத் திறந்தால் அது பதிவாகிவிடும், பிறகு எல்லா பில்லும் என் தலையில் விழும், விசாவுக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று நானே கட்டிக்கொண்டேன். டாக்டர் தும்மலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். இருமல் நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் அம்மா, “பசியாறிட்டியா? ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?” என்று கேட்பார். “குளிருமா, ஒன்னும் இல்ல” என்பேன்.

நவம்பர் நடுவில் ஒரு நாள் வடக்கிலிருந்து அனல் காற்று அடித்தது. சாயங்காலம் மேகம் கருத்து இடி இடித்தது. மழை வாசம் எனக்குப் பிடிக்கும், அதனால் சன்னலைத் திறந்து வைத்தேன். எட்டு மணிக்கு இருமல் ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர் தெலுக் இந்தானைச் சேர்ந்த ஓர் அக்கா. அவர் என் கழுத்தைப் பார்த்தார். தொண்டைக்குக் கீழே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார். அவர் கைப்பேசியை எடுத்தபோது நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். “ஆம்புலன்ஸ்... காசு...” என்று இரண்டு வார்த்தைதான் வந்தது.

“காசை அப்புறம் பார்க்கலாம், நீ பேசாம இரு” என்று அவர் 000-ஐ அழுத்தினார்.

ஆம்புலன்ஸ் வந்தது. அதே முகமூடி, அதே புகை. எனக்கு ஆறு வயது ஆனதுபோல் இருந்தது, அம்மா மட்டும்தான் பக்கத்தில் இல்லை. ஒரு இரவு முழுக்க அரசாங்க மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அங்கே ஒரு நர்ஸ் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன், பதினொரு வயதுக்குப் பிறகு வந்ததே இல்லை என்பதையும் சேர்த்து. காலையில் இரண்டு இன்ஹேலர், ஒரு ஸ்பேசர் (இன்ஹேலரின் முனையில் மாட்டி மூச்சிழுக்கும் குழல்), எந்த நிலையில் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதிய ஒரு தாள் ஆகியவற்றோடு வெளியே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து உறைகள் வந்தன. ஆம்புலன்ஸுக்கு மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல். மருத்துவமனை பில் தனி. மூன்று நாள் அவற்றை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் அந்தக் கோப்பைத் திறந்தேன். அவசர ஆம்புலன்ஸ் செலவை முழுதாகக் கொடுப்பதாக அதில் போட்டிருந்தது. ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்பதற்கு விளக்கமும் இருந்தது. ஆஸ்திரேலியா வந்து சேர்வதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் அந்த நோயின் அறிகுறி இருந்திருந்தால்தான் அது ஏற்கெனவே இருந்த நோயாம். ஆறு மாதம். எனக்குக் கடைசியாக வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் பயந்த விஷயம் என்னைத் தொடவே தொடாது என்று என் கைப்பேசியிலேயே எழுதியிருந்திருக்கிறது.

காப்புறுதி நிறுவனத்தைக் கூப்பிட்டேன். அறிகுறி முதலில் எப்போது தெரிந்தது என்று டாக்டர் நிரப்பித் தர வேண்டிய ஒரு படிவத்தை அனுப்பினார்கள். பல்கலைக்கழகக் கிளினிக்கில் ஒரு டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து அதை நிரப்பினார். சின்ன வயதில் கடைசியாகச் சிகிச்சை எடுத்தது எப்போது என்பதற்கு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று கேட்டார். அம்மா அலமாரியைக் குடைந்து என் பழைய கிளினிக் அட்டையைப் படம் பிடித்து அனுப்பினார். கடைசித் தேதி 2006. அன்றைக்குத்தான் வீட்டுக்கு முழுக் கதையையும் சொன்னேன். அம்மா அழவில்லை. “நான் உன் குரல்லயே கண்டுபிடிச்சேன்” என்று மட்டும் சொன்னார். ஒரு மாதத்தில் இரண்டு பில்லும் அடைபட்டன.

இடையில் இன்னொன்று நடந்தது. பில் வந்ததைச் சொன்னதும் அப்பா, “மெடிக்கல் கார்டு இருக்கே, எதுக்குக் கவலைப்படுற?” என்றார். அது மருத்துவக் காப்புறுதி அட்டை, எனக்குப் பதினெட்டு வயது ஆனபோது தெரிந்த ஒருவரிடம் அப்பா எடுத்தது. மாதா மாதம் சம்பளத்தில் அதற்கென்று ஒதுக்கி வைப்பார். விற்றவர் உலகம் முழுக்கச் செல்லும் என்று சொல்லியிருந்தார். அப்பா விசாரித்தபோதுதான் தெரிந்தது, தொடர்ந்து 90 நாளுக்கு மேல் மலேசியாவுக்கு வெளியே தங்கினால் வெளிநாட்டில் எடுக்கும் சிகிச்சைக்கு அது எதுவுமே கொடுக்காது என்று. மலேசியாவில் விற்கும் மெடிக்கல் கார்டுகள் பலவற்றில் இந்த நிபந்தனை உண்டு. சுற்றுலாவுக்கு உதவும், படிக்கப் போகிறவர்களுக்கு உதவாது. எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ பெற்றோர் இந்த அட்டையை நம்பிக்கொண்டு பிள்ளைகளை அனுப்புகிறார்கள். தயவுசெய்து பாலிசிப் புத்தகத்தை எடுத்து ‘90’ என்ற எண் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

அப்பா கோபத்தில் அதை நிறுத்திவிடப் போனார். நான் வேண்டாம் என்றேன். அந்த இரவுக்குப் பிறகு என் பெயரில் ஆஸ்துமா என்று பதிவாகிவிட்டது. திரும்பி வந்து புதிதாக ஒன்று எடுக்கப் போனால் ஆஸ்துமாவை விலக்கிவிட்டோ, கூடுதல் கட்டணம் போட்டோதான் கொடுப்பார்கள். பழையதை விடாமல் கட்டி வந்ததால் ஊருக்குத் திரும்பிய அன்றிலிருந்து அது மறுபடி எனக்குப் பயன்படுகிறது. வெளிநாட்டில் செல்லாது என்பதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் இரண்டு வருடத்தில் அந்தக் காப்புறுதியை வைத்துக்கொண்டு வாழக் கற்றுக்கொண்டேன். மருந்துக் கணக்குத்தான் புரிய நாளானது. அப்போது ஒரு மருந்துச் சீட்டுக்கு முதல் 39.50 டாலரை நாம் கட்ட வேண்டும், அதற்கு மேல் போவதில்தான் காப்புறுதி 50 டாலர்வரை கொடுக்கும். தனி ஆளுக்கு வருடத்தில் 300 டாலர்தான் உச்சம். ஆக, மலிவான மருந்துக்கு ஒன்றுமே கிடைக்காது. தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர் விலை அதிகம். ஊரில் ஒரு வெள்ளியோடு முடியும் விஷயம் அது. அதனால் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது டாக்டரின் கடிதத்தோடு மூன்று மாதத்துக்கு உண்டானதை வாங்கிக்கொண்டு போனேன். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுவரை கையோடு கொண்டுபோகலாம். பெட்டியில் மருந்து இருக்கிறது என்று விமான நிலையத்தில் பயணிகள் நிரப்பும் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். கடிதத்தில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் பிராண்டுப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாமல் போகலாம். மூச்சு முட்டும்போது இழுக்கும் நீல நிற இன்ஹேலர், அதாவது சல்பியூட்டமால், அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாம். அது முதல் மாதமே என் பையில் இருந்திருந்தால் அந்த இரவு அப்படி ஆகியிருக்காது.

அதை எடுக்கும் முறையையும் எனக்கு அங்கேதான் சரியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நிமிர்ந்து உட்கார வேண்டும். ஸ்பேசருக்குள் ஒரு அழுத்து, அதிலிருந்து நான்கு மூச்சு. இப்படி நான்கு அழுத்து. பிறகு நான்கு நிமிடம் பொறுக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் மறுபடி நான்கு அழுத்து. அப்போதும் அடங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பேசவே முடியாத நிலை என்றால் நிமிடக் கணக்கெல்லாம் பார்க்காமல் முதலில் கூப்பிடுவதுதான்.

பல்லும் கண்ணாடியும் ஓ.எஸ்.எச்.சி.யில் கிடையாது. சொத்தைப் பல் இருந்தால் ஊரிலேயே அடைத்துக்கொண்டு போங்கள், கண்ணாடியை இரண்டாகச் செய்துகொள்ளுங்கள். சிறப்பு மருத்துவரை வெளிநோயாளியாகப் பார்த்தால் பட்டியல் விலையில் 85 விழுக்காடுதான் கிடைக்கும். போகுமுன்பே எவ்வளவு வாங்குவார்கள் என்று கேட்டுவிடலாம், அங்கே யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மனநலச் சிகிச்சைக்கு, ஏற்கெனவே இருந்த பிரச்சினையாக இருந்தாலும் காத்திருக்க வேண்டியது இரண்டு மாதம்தான், பன்னிரண்டு இல்லை. தனியாக அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளை நான் அங்கே பார்த்திருக்கிறேன், அதனால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்டதற்கு அப்போது பன்னிரண்டு மாதம்.

இது ஆஸ்திரேலியாவின் கணக்கு. நாடு மாறினால் கணக்கும் மாறும். ஜெர்மனியில் முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்கள் அரசுக் காப்புறுதியில் சேர்கிறார்கள். ஜப்பானில் தேசியக் காப்புறுதியில் சேர்ந்தால் பில்லில் 30 விழுக்காட்டை நாம் கட்டுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் ஒன்று: நாங்கள் சொல்லும் அந்த ஒரு வெள்ளி குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். வெளிநாட்டவருக்கு அரசாங்க மருத்துவமனையிலும் கட்டணம் வேறு, அதனால் உங்கள் காப்புறுதித் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊருக்குத் திரும்பி இப்போது ஈப்போவில் வேலை, வீடு இங்கேதான். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், நான்கு வீடு தள்ளி இருக்கும் தம்பி ஒருவன் இந்தச் செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் அம்மாவும் தாள்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அங்கே முறை வேறு. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் என்று ஒன்றைக் கட்டிவிட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு, விசாக் காலம் முழுவதற்கும் மொத்தமாக. ஆறு மாதத்துக்கு மேல் போகும் மலேசியர்கள் காசநோய்ப் பரிசோதனையும் எடுக்க வேண்டும். தொகையைக் கேட்டதும் அவன் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

“இவ்வளவு கட்டினா மருந்து சும்மா கொடுப்பாங்களா?”

“டாக்டரைப் பார்க்கறது, ஆஸ்பத்திரில படுக்கறது எல்லாம் இதுலயே அடங்கிடும் அக்கா. இங்கிலாந்துல மருந்துச் சீட்டுக்கு மட்டும் தனியா கட்டணும். பல்லுக்கும் கட்டணும். ஆனா இவன் அங்க போய்ச் சேர்ந்த முதல் வாரமே பக்கத்துல இருக்கற ஜி.பி. கிளினிக்ல, அதான் சாதாரண டாக்டர் கிளினிக்ல, பேர் பதிஞ்சிடணும். நோய் வந்தப்புறம் பதிஞ்சிக்கலாம்னு இருக்கக் கூடாது.”

தம்பி கைப்பேசியில் குறித்துக்கொண்டான். நான் அவனிடம், சின்ன வயதில் உனக்கு ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றான். அவன் அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு வயசுல ரெண்டு தடவை வலிப்பு வந்திருக்கு. காய்ச்சல் வலிப்புன்னாங்க. அப்புறம் வரல.”

அவனுக்கு அது தெரியவே தெரியாது. அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். கால் மணி நேரத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்தார். பிறந்த சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம், அதற்குக் கீழே மடித்து வைத்த ஒரு மருத்துவமனைத் தாள். மடிப்பு ஓரம் கிழிந்திருந்தது. மேசையில் விரித்து வைத்து, தேதி தெரிகிறாற்போல் மூன்று படம் எடுத்தோம்.